பைன் மரத்தடிக் காளான்

நவம்பர் 5, புதன்

மழை 31 மில்லிமீட்டர்.

இந்த டைரி உரக்கடைக்காரர் கொடுத்தது. காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் வேலை பார்க்கிறவன்தான் மழைமானியையும் பார்க்க வேண்டும் என்பது இங்கே எழுதாத சட்டம். அதனால் இதில் மழையைத் தவிர வேறு எதையும் நான் எழுதியதில்லை. இப்போது வீட்டில் பேச்சு இல்லை. கையாவது ஏதாவது செய்யட்டும்.

பேச்சு இல்லையே தவிர ஆள் இருக்கிறாள். நாகரத்தினம் அடுப்படியில் பாத்திரத்தை உருட்டிக்கொண்டுதான் இருக்கிறாள். அவள் தம்பி மருதமுத்து பேரனுக்குக் காது குத்தினான். பத்திரிகையில் "தங்கள் நல்வரவை விரும்பும்" என்று போட்டு ஊரில் உள்ளவன், ஊரை விட்டு ஓடினவன் பெயரெல்லாம் போட்டிருக்கிறான். என் சகலையின் பெயர் தடித்த எழுத்தில் இருக்கிறது. சடையப்பன் என்ற பெயர் எங்குமே இல்லை. அச்சகத்தில் விட்டுப்போச்சாம். என் பெயர் மட்டும் எப்படி விட்டுப்போகும்?

போகக் கூடாது என்றேன். போனாள். ஜீப்பில் ஏறும்போது, எல்லார் காதிலும் விழும்படி, "போனா அங்கேயே இருந்துக்க" என்று சொன்னேன். இரண்டாம் நாள் திரும்பி வந்துவிட்டாள். அதிலிருந்து அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. சோறு மட்டும் மூடி வைக்கிறாள். நான் செல்லையா கடையில் சாப்பிடுகிறேன்.

நவம்பர் 7, வெள்ளி

இடியோடு மழை. 44. செல்லையா கடைப் பரோட்டா செருப்புத் தோல். இருந்தாலும் அங்கேதான் சாப்பிட்டேன்.

நவம்பர் 9, ஞாயிறு

காலையிலேயே நாகரத்தினம் சாக்குப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மழையில் கிளம்பினாள். எங்கே என்று நான் கேட்கவில்லை. திரும்பி வரும்போது மடி நிறையக் காளான். வெள்ளை வெளேரென்று, என் உள்ளங்கை அகலத்துக்கு. அதை முறத்தில் கொட்டி, நான் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேர் எதிரே வைத்து ஆய்ந்தாள்.

புற்றுக்காளான் என்றால் எனக்கு உயிர். அது எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கும் இந்த லயன் வீடுகள் முழுக்கத் தெரியும். வேண்டுமென்றே செய்கிறாள். சின்ன வெங்காயம் வதக்கி, மிளகும் தேங்காயும் அரைத்து ஊற்றினால் வாசனைக்கு நான் மண்டியிட்டு வருவேன் என்று நினைப்பு. எனக்கு மானம் இருக்கிறது. குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

செருப்பை மாட்டும்போதுதான் பார்த்தேன். அடுப்பு முன்னால் குந்தியிருந்தாள். இடது கால் விரலில் மெட்டி இல்லை. வலது காலில் இருக்கிறது, இடது காலில் இல்லை. கல்யாணத்தன்று நான் அம்மி மேல் அந்தக் காலைத் தூக்கி வைத்துப் போட்ட மெட்டி. புருஷன் உயிரோடு குத்துக்கல்லாக நிற்கும்போது அதைக் கழற்றுகிறாள் என்றால் என்ன அர்த்தம்? அதுவும் ஒன்றை மட்டும். அவமானப்படுத்துவதிலும் அரைகுறை.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. செல்லையா கடையில் இரண்டு டீ குடித்துவிட்டு ஆபீசில் போய்ப் படுத்துக்கொண்டேன். சாயங்காலம் திரும்பியபோது என் பங்கு கிண்ணத்தில், மேலே தட்டுப் போட்டு, அடுப்பு மேடையில் இருந்தது. திறந்துகூடப் பார்க்கவில்லை. அவள் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள். நன்றாகச் சாப்பிடட்டும்.

நவம்பர் 10, திங்கள்

வத்தலக்குண்டு அரசு மருத்துவமனை. மழை அளவு எடுக்கவில்லை.

விடியும்போது கொல்லையில் வாந்தி எடுக்கும் சத்தம். அப்புறம் வயிற்றுப்போக்கு. நிற்கவே இல்லை. பக்கத்து வீட்டு மூக்கம்மாள் ஓடி வந்து தாங்கிப் பிடித்தாள். நான் போய் ஜீப் பிடித்து வந்தேன். வளைவுக்கு வளைவு நிறுத்தி நிறுத்தி மலை இறங்கினோம். நாகரத்தினம் பின் சீட்டில் மூக்கம்மாள் மடியில் சுருண்டு கிடந்தாள். பேசத் தெம்பில்லை. ஆனாலும் மூக்கம்மாளிடம் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

"அவரு சாப்ட்டாரா? கேளு. அவரு சாப்ட்டாரா?"

முன் சீட்டில்தான் இருக்கிறேன். என் காதில் விழ வேண்டும் என்றுதான் கேட்கிறாள். உயிர் போகிற நேரத்திலும் குத்திக்காட்டல். நான் சாப்பிடாமல் போனது அப்படி உறுத்துகிறதாம்.

"சாப்பிடலன்னு சொல்லு" என்றேன் மூக்கம்மாளிடம்.

அப்புறம் கண்ணை மூடிக்கொண்டாள். மறுபடி கேட்கவில்லை.

நவம்பர் 11, செவ்வாய்

இன்று நடந்ததை எழுத உட்கார்ந்து பேனாவை அழுத்தியதில் தாள் கிழிந்துவிட்டது. கோபத்தில்தான்.

காலையில் நாகரத்தினம் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். வாந்தி நின்றுவிட்டது, போக்கும் நின்றுவிட்டது. இட்லி கேட்டாள். முகம் தெளிவாக இருந்தது. மூக்கம்மாளிடம், "அவர்ட்ட சொல்லு, வீட்டுக்குப் போகலாம்னு" என்றாள். சரி, முடிந்தது என்று டாக்டரைத் தேடிப் போனேன்.

டாக்டர் இளம்பரிதி. மீசை இப்போதுதான் அரும்புகிறது. அனுப்ப முடியாது என்றார்.

"நல்லாயிட்டாளே சார்!"

"ஐயா, அதுதான் எனக்குப் பயம். சாப்பிட்டது மத்தியானம், வாந்தி ஆரம்பிச்சது மறுநாள் விடியக்காலம். சாதாரண வெஷக்காளான்னா மூணு நாலு மணி நேரத்துல தெரிஞ்சிரும். இவ்வளவு லேட்டா ஆரம்பிச்சா அது வேற ஜாதி. ரெண்டாம் நாள் நல்லாயிட்ட மாதிரி இருக்கும். உள்ள ஈரல் கெட்டுக்கிட்டு இருக்கும். ஈரலுக்கு ரத்தம் எடுத்து அனுப்பியிருக்கேன். என்ன காளான்னு தெரிஞ்சா மதுரைக்கு உடனே அனுப்பிருவேன்."

"புத்துக்காளான் சார். நாங்க பொறந்ததுலேருந்து தின்னுக்கிட்டு இருக்கோம்."

"நீங்க பாத்தீங்களா?"

பார்த்தேன். முறத்தில், ஓரக்கண்ணால். அதை எப்படிச் சொல்வது? "பாத்தேன்" என்றேன்.

"அடிப்பகுதியப் பாத்தீங்களா?"

இந்தப் பிள்ளை எனக்குக் காளான் சொல்லித்தருகிறது. எனக்கு வந்த ஆத்திரத்தில், இப்போதே மலையேறி அதே இடத்துக் காளானைப் பிடுங்கிக்கொண்டு வந்து மேஜை மேல் போட்டு, இந்தா பாரு புத்துக்காளான், என் பெண்டாட்டியை அனுப்பு என்று சொல்ல முடிவு செய்துவிட்டேன். அவர் அசரவில்லை. ஒரு நம்பரைக் கொடுத்தார். இதே ஊரில் கல்லூரியில் பூஞ்சை பற்றிப் பாடம் எடுக்கிறவராம், ஷர்மிளா பானு. போன் செய்தேன்.

"ஐயா, நீங்க போறதே நல்லது. ஆனா ஒடிச்சிட்டு வராதீங்க, அறுத்துட்டும் வராதீங்க. சுத்தி மண்ணோட தோண்டி எடுங்க. அடி முக்கியம். கையில கவர் மாட்டிக்குங்க" என்றார் அந்தம்மா.

யார்தான் காளானைத் தோண்டுவார்கள்? புற்று நாகம் குடியிருக்கும் இடம். எங்கள் பக்கம் புற்றில் கடப்பாரை போடுகிறவனைப் பிறந்த வீட்டார்கூடச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். தரைக்கு மேலே தண்டைக் கிள்ளி எடுப்பதுதான் வழக்கம். நாகரத்தினமும் அப்படித்தான் கிள்ளியிருப்பாள்.

எங்கே பறித்தாள் என்று தெரிய வேண்டுமே. வார்டுக்குள் போய், "எங்க பறிச்சான்னு கேளு" என்றேன் மூக்கம்மாளிடம். நாகரத்தினம் என்னைப் பார்க்காமல் அவளிடம் சொன்னாள். "செக்போஸ்ட்டுக்கு மேல, பைன் மரக் காட்டுல. ஓடைக்கு இந்தப் பக்கம்."

பைன் மரக் காட்டில் புற்று ஏது என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மதியத்துக்கு மேல் மலையேறினேன். முதலில் வீட்டுக்குப் போய், சட்டியின் அடியில் ஒட்டியிருந்த ஒன்றிரண்டு துண்டுகளை டிபன் பாக்சில் போட்டுக்கொண்டேன். எனக்கு மூடி வைத்திருந்த கிண்ணம் அப்படியே இருந்தது. அதைத் தொடவில்லை. தொட்டால் நான் இறங்கி வந்ததாக ஆகிவிடும். மண்வெட்டியோடு நான் கிளம்புவதைப் பார்த்து லயன் பெண்கள் நின்றுவிட்டார்கள். மூக்கம்மாளின் மருமகள், "சின்னம்மா வெள்ளி போட்டுப் பாக்காமயா ஆக்கியிருக்கும்? கறுத்திருந்தா வெஷம்னு தெரிஞ்சிருக்குமே" என்றாள்.

"வெள்ளிக் காசுக்கு நான் எங்கம்மா போறது" என்று எரிந்து விழுந்தேன்.

பைன் காட்டில் ஊசி இலை மெத்தையாகக் கிடந்தது. புற்று இல்லை. சுற்றிச் சுற்றிப் பார்த்தேன், எந்தப் புற்றும் இல்லை. நாகரத்தினம் கிள்ளி எடுத்த தண்டுகளின் அடி வரிசையாக மொட்டை மொட்டையாக நின்றது. பக்கத்திலேயே புதிதாக இரண்டு முளைத்திருந்தன. வெள்ளை. வழவழப்பு. புற்றுக்காளானுக்குக் குடையின் நடுவில் மொட்டுப் போலக் கூர்மை இருக்கும், இதில் இல்லை. தண்டில் மெல்லிய பாவாடை மாதிரி ஒரு வளையம் தொங்கியது.

தோண்டினேன். புற்றுக்காளானின் தண்டு வேர் போல மெலிந்து மண்ணுக்குள் நீண்டு போகும். இது போகவில்லை. விரற்கடை ஆழத்திலேயே முடிந்துவிட்டது. முடிந்த இடத்தில் தண்டு ஒரு வெள்ளைப் பைக்குள் நின்றுகொண்டிருந்தது. கிழிந்த முட்டைத் தோல் மாதிரிப் பை. நாகரத்தினம் கிள்ளிய ஒவ்வொரு அடியையும் தோண்டிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அந்தப் பை இருந்தது. மண்ணுக்குள் ஒளிந்துகொண்டு, வெளியே மட்டும் நல்ல காளான் மாதிரி நிற்கிறது.

அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் அந்தக் காளானைத் திட்டினேன். சத்தமாகவே திட்டினேன். காட்டில் யார் கேட்கப் போகிறார்கள்.

இருட்டியதும் மலை இறங்கி, ஷர்மிளா பானு வீட்டு மேஜையில் டிபன் பாக்சையும் மண்ணோடு கட்டிய பொட்டலத்தையும் திறந்து வைத்தேன். அவருக்கு என் மகள் வயதுதான் இருக்கும். பையைப் பார்த்ததுமே காளானைக் கீழே வைத்துவிட்டு, முதலில் டாக்டருக்குப் போன் போட்டார். "சந்தேகமே இல்ல டாக்டர், வெஷக்காளான்தான், அமனைட்டா. காத்திருக்க வேணாம், மதுரைக்கு அனுப்புங்க." அப்புறம்தான் என்னிடம் பேசினார். குடையை அறுத்து, பாதி கறுப்பும் பாதி வெள்ளையுமாக ஒட்டிய தாளில் கவிழ்த்து மேலே டம்ளரால் மூடினார்.

"காலையில இதோட வித்துத்தூள் தாள்ல விழுந்திருக்கும். வெள்ளையா இருந்தா இதுதான். உங்க புத்துக்காளான்னா லேசான ரோஸ் கலர்ல விழும்."

"வெள்ளி கறுக்கும்னு சொல்றாங்களே?"

"அது சும்மா ஐயா. வெள்ளி எதையும் சொல்லாது. மஞ்சள் போட்டாலும் சொல்லாது. இந்த வெஷம் வெள்ளியைத் தொடவே தொடாது. அத நம்பித்தான் நெறையப் பேரு சாப்பிடுறாங்க."

அந்தம்மா என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. அதுவும் எனக்குக் கோபமாகத்தான் இருந்தது.

காலையில் டாக்டரிடம் சண்டை போட்டு ஜெயித்திருந்தால் இந்நேரம் அவளை ஜீப்பில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படுக்க வைத்திருப்பேன்.

நவம்பர் 12, புதன்

மதுரை. பெரிய ஆஸ்பத்திரி. வித்துத்தூள் வெள்ளை என்று போன் வந்தது. அதற்குள் நாகரத்தினத்தின் கண் மஞ்சளாகிவிட்டது.

நவம்பர் 13, வியாழன்

திருப்பூரிலிருந்து மகள் வினோதா வந்துவிட்டாள். வந்ததும் என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி: "அம்மாகிட்ட பேசுனீங்களாப்பா?"

பேச்சுக் கொடுத்தால் கேட்கிற நிலையிலா இருக்கிறாள்? என்னமோ நான்தான் பேசாமல் அவளை இப்படிப் படுக்க வைத்த மாதிரி.

மருதமுத்துவும் வந்திருக்கிறான். என் பெயரைப் பத்திரிகையில் போடாத மகராசன், செவ்வாய் ராத்திரி முதல் ஐ.சி.யூ. வாசலில் தரையில் உட்கார்ந்திருக்கிறான். மருந்துச் சீட்டு வந்தால் ஓடுகிறான். எனக்கு டீ வாங்கிக் கொடுத்தான். குடித்தேன். அவ்வளவுதான்.

நவம்பர் 14, வெள்ளி

துணிமணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். வீடு நாறிக் கிடந்தது. அடுப்பு மேடையில் அந்தக் கிண்ணம். இனியும் அதை அப்படியே வைத்திருக்க முடியாது. கொல்லையில் குழி தோண்டி, தட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கிண்ணத்தைக் கவிழ்த்தேன்.

ஏதோ விழுந்து கல்லில் பட்டுச் சத்தம் கேட்டது.

குச்சியால் கிளறி, தண்ணீர் ஊற்றிக் கழுவிப் பார்த்தேன். மெட்டி. இடது கால் மெட்டி. குழம்புக்குள், என் பங்குக் கிண்ணத்துக்குள் கிடந்தது.

பளபளவென்று இருக்கிறது. ஒரு இடத்தில்கூடக் கறுக்கவில்லை.

வீட்டில் வேறு வெள்ளி இல்லை. காலில் இருந்ததைத்தான் கழற்றிப் போட்டிருக்கிறாள்.

எனக்கு வருகிற ஆத்திரத்துக்கு இதைக் கிணற்றில் வீசியிருக்க வேண்டும். வெள்ளியாம் வெள்ளி. கறுப்பதற்கு உனக்கு என்ன கேடு? அவள் உன்னை நம்பித்தானே கரண்டியைக் கையில் எடுத்தாள்? நீ கறுத்திருந்தால் சட்டியோடு தூக்கிக் கொட்டியிருப்பாளே. ஊரும் பொய், வழக்கமும் பொய். ஒற்றைக் காலைப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை கேட்காமல் குடையை எடுத்துக்கொண்டு போனவனைப் பற்றி இங்கே எழுதப் பிடிக்கவில்லை.

சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

நவம்பர் 15, சனி

கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. ரத்தம் உறையவில்லை என்கிறார்கள். மருதமுத்து ரத்தம் கொடுத்தான். எனக்கு வயது மீறிவிட்டதாம், எடுக்க மாட்டோம் என்றார்கள். அங்கே இருந்த பையனைக் கண்டபடி பேசிவிட்டேன்.

நவம்பர் 16, ஞாயிறு

அப்படியே.

நவம்பர் 18, செவ்வாய்

ஈரல் கெட்டதைக் காட்டும் ரத்த அளவு நேற்றைவிடக் குறைந்திருக்கிறதாம். பெரிய டாக்டர் அதற்கு மேல் சொல்ல மறுக்கிறார். "செவ்வாய்க்கிழமையே அனுப்பினதால கையில இருக்காங்க" என்று மட்டும் வினோதாவிடம் சொன்னாராம். வத்தலக்குண்டு டாக்டர் இளம்பரிதிக்குப் போன் போட்டேன். "அன்னிக்குச் சத்தம் போட்டது நான்தான்" என்றேன். "தெரியும் ஐயா, அம்மா எப்படி இருக்காங்க?" என்றார்.

மருதமுத்து காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. "சாப்ட்டுட்டு வா" என்று விரட்டினேன். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனான். நான் விரட்டினால் அழுகிற ஆளா அவன்?

நவம்பர் 20, வியாழன்

கண் விழித்தாள். வினோதாவை அடையாளம் தெரிந்ததாம். என்னை உள்ளே விடும் நேரம் முடிந்துவிட்டது.

நவம்பர் 23, ஞாயிறு

வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். மதியம் போனேன். வினோதா, "நான் மருந்து வாங்கிட்டு வர்றேன்" என்று வேண்டுமென்றே எழுந்து போய்விட்டாள். மூக்கம்மாள் ஊருக்குப் போய்விட்டாள். நடுவில் நின்று சொல்ல ஆள் இல்லை.

நாகரத்தினம் பாதியாகிவிட்டாள். கால் மட்டும் வீங்கியிருந்தது. கொஞ்ச நேரம் ஃபேனைப் பார்த்தாள். நானும் ஃபேனைப் பார்த்தேன். பிறகு சட்டைப் பையிலிருந்து மெட்டியை எடுத்து அவள் கண் முன்னால் நீட்டினேன்.

"கறுத்துச்சா?" என்றாள்.

"கறுக்கல."

"நானும் பாத்தேன். கரண்டியில எடுத்துப் பாத்தேன், பளபளன்னு இருந்துச்சு. அதனாலதான் உங்க கிண்ணத்துல போட்டு வச்சேன். நீங்க சாப்பிடையில கண்ணுல படட்டும், வெள்ளி போட்டுப் பாத்துத்தான் ஆக்கியிருக்கான்னு தெரியட்டும்னு."

அந்த நேரத்தில் வேறு வழி தெரியாமல் கத்தினேன்.

"யாருடி உன்னயக் காட்டுக்குப் போகச் சொன்னது? புத்து இல்லாத எடத்துல புத்துக்காளான் எங்கிருந்துடி வரும்? கண்ணு எங்க வச்சிருந்த?"

"மழையில ஒண்ணும் தெரியல. நீங்க செல்லையா கடையிலயே சாப்ட்டுக்கிட்டு இருந்தீங்க."

மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி பேசினாள். "அன்னிக்கி நீங்க திரும்பிக்கூடப் பாக்காமப் போனப்ப எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்ல. விடியக்காலம் வயித்தப் பெரட்டுனப்பத்தான் தெரிஞ்சுது. ஜீப்புல, நீங்க சாப்பிடலன்னு சொன்னீங்கள்ல? நல்லவேள, இந்த மனுசன் வீம்பு புடிச்சவரு, தப்பிச்சாருன்னு கும்பிட்டுக்கிட்டுக் கெடந்தேன்."

அதற்கு மேல் நான் போட்ட சத்தம் வார்டு முழுக்கக் கேட்டிருக்கும். என்ன சொன்னேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை. காளானை, வெள்ளியை, மருதமுத்துவை, அச்சகத்தை, அவளை, செல்லையா பரோட்டாவை எல்லாம் திட்டினேன். சத்தம் போட்டுக்கொண்டே கட்டிலின் கால்மாட்டுக்குப் போய், மெட்டியைப் பல்லால் கடித்து விரித்து, வீங்கின இடது விரலில் போட்டேன். ஏற மறுத்தது. பிடித்து ஏற்றினேன். நர்ஸ் ஓடி வந்து, "பெரியவரே, வெளிய போங்க, பேஷண்ட்கிட்ட இப்படியா கத்துவீங்க?" என்றார்.

நாகரத்தினம் கையை ஆட்டி நர்ஸை நிறுத்தினாள்.

"விடும்மா. பதினஞ்சு நாளைக்கு மேல ஆச்சு, இப்பத்தான் பேசுறாரு."

"பேசல. திட்டுறேன்" என்றேன்.

"சரி. நாளைக்கும் வந்து திட்டுங்க" என்றாள்.